வட்டி, விலைவாசி, வாக்கு: 2024 தேர்தல் காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய இரண்டு மாதமும் பாடம் முடிந்த பிறகு யாருமே உடனே வீட்டுக்குப் போகவில்லை. கூட்டிப்போக வந்த அப்பாமார், அம்மாமார், பக்கத்து வீட்டு அக்கா, ஓட்டோ ஓட்டும் தம்பி எல்லோரும் நின்று வாதாடினார்கள். யார் வந்தால் வட்டி குறையும், யார் வந்தால் டொலர் ஏறும் என்பதுதான் பேச்சு. அன்று அவசரத்தில் சொன்ன பதில்களை ஆறுதலாக எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அடுத்த தேர்தலிலும் இவைதான் கேட்கப்படும் என்று நம்புகிறேன்.

"நான் வந்தால் வட்டியைக் குறைப்பேன்" என்று ஒரு வேட்பாளர் மேடையில் சொல்கிறார். அவரால் முடியுமா?

நேராக முடியாது. கொள்கை வட்டி வீதத்தை, அதாவது மத்திய வங்கி மற்ற வங்கிகளுடன் கொடுத்து வாங்கும் பணத்துக்கான வட்டியை, தீர்மானிப்பது மத்திய வங்கியின் நாணயக் கொள்கைச் சபை. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் அந்த அதிகாரத்தை அதற்குக் கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டம் 2023 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இருந்தது 1949ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டம். பழைய சட்டத்தில் நிதி அமைச்சின் செயலாளரும் நாணயச் சபையில் உட்கார்ந்து வாக்களிப்பார். புதிய சட்டத்தில் அவருக்கு அந்த இடம் இல்லை.

2024 தேர்தல் முடிந்து ஆறாம் நாள், செப்டம்பர் 27ஆம் தேதி, மத்திய வங்கி வட்டி வீதத்தை அறிவித்தது. புதிய ஜனாதிபதி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வங்கிகள் அதனிடம் வைக்கும் பணத்துக்கு 8.25, அதனிடம் வாங்கும் கடனுக்கு 9.25 சதவீதம் என்று வீதம் அப்படியே இருந்தது. நவம்பரில்தான் இந்த இரட்டை வீதத்தை விட்டு, 8 சதவீதம் என்ற ஒற்றை வீதத்துக்கு மாறினார்கள்.

அப்படியென்றால் ஜனாதிபதிக்கு இதில் வேலையே இல்லையா? நாங்கள் வீணாகவா சண்டை பிடித்தோம்?

வீணாக இல்லை. ஜனாதிபதியின் கை வேறு வாசலால் நுழைகிறது. ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. நிதி அமைச்சர் பரிந்துரைக்க வேண்டும், அரசியலமைப்புப் பேரவை சம்மதிக்க வேண்டும். ஆனால் நம் நாட்டில் ஜனாதிபதியே நிதி அமைச்சராகவும் இருப்பது வழக்கமாகிவிட்டது. ரணில் விக்கிரமசிங்க அப்படி இருந்தார், 2024இல் வென்ற அநுர குமார திசாநாயக்கவும் அப்படித்தான்.

இதைவிடப் பெரிய வாசல் பாதீடு. எந்த வரியைக் குறைப்பது, எந்தச் சம்பளத்தைக் கூட்டுவது, துண்டு விழும் தொகைக்கு யாரிடம் கடன் வாங்குவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. அரசாங்கம் பெருந்தொகை கடன் கேட்டுச் சந்தைக்கு வந்தால் வட்டி தானாக ஏறும். மத்திய வங்கி எவ்வளவுதான் சுதந்திரமாக இருந்தாலும் அதைத் தடுப்பது கஷ்டம். அதனால்தான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னேன்: வட்டியைப் பற்றி ஒரு வேட்பாளர் சொல்வதை விட்டுவிட்டு, வரியையும் செலவையும் பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் வட்டி வீதம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

"காசு அச்சடித்தார்கள், அதுதான் நாடு விழுந்தது" என்கிறார்கள். ராப்பகலாக மெஷின் ஓடியதா?

பெரும்பகுதி கடுதாசியே இல்லை, கணக்கில் எழுதப்படும் எண்தான். அரசாங்கம் திறைசேரி உண்டியல் என்ற குறுகிய காலக் கடன் பத்திரத்தை விற்கிறது. வெளியில் வாங்க ஆளில்லை, அல்லது அவர்கள் கேட்கும் வட்டியை அரசாங்கம் கொடுக்க விரும்பவில்லை. அப்போது மத்திய வங்கியே அதை வாங்கிக்கொண்டு அரசின் கணக்கில் பணத்தைப் போடுகிறது. அந்தப் பணம் முன்பு யாரும் உழைத்ததும் இல்லை, சேமித்ததும் இல்லை. அது சம்பளமாக, கொந்தராத்துக் காசாக வெளியே வந்து, இருக்கிற அதே அளவு பருப்பையும் சீனியையும் துரத்துகிறது.

இந்தக் கதை ஒரு தேர்தல் வாக்குறுதியில் தொடங்கியது. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ வென்றார். அதே மாதம் முடிவதற்குள் வரிக் குறைப்பு அறிவிக்கப்பட்டது. 15 சதவீதமாக இருந்த வற் வரி 8 ஆனது, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. எங்கள் தெருவிலும் பலர் சந்தோஷப்பட்டார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பின் கோவிட் வந்தது, சுற்றுலா நின்றது. அரசின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதம் அளவுக்கு விழுந்தது. உலகத்திலேயே மிகக் குறைந்த வருமானங்களில் ஒன்று அது. பள்ளத்தை நிரப்ப மத்திய வங்கி உண்டியல்களை வாங்கிக்கொண்டே போனது. 2019 கடைசியில் அதன் கையில் இருந்த அரச பிணையங்கள் நூறு பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2022 நடுப்பகுதியில் அது ஒன்றரை ட்ரில்லியனைத் தாண்டியிருந்தது.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கு நான்கு நாள் முன்பு, புதிதாக வந்திருந்த ஆளுநர் நந்தலால் வீரசிங்க காலத்தில், கொள்கை வட்டி ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தப்பட்டது. ஜிந்துப்பிட்டிப் பக்கம் காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவிட்டுப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவர்களை நான் என் கண்ணால் பார்த்தேன். மேடையில் ஒருவர் வரியைக் குறைப்பேன் என்று சொன்னதற்கும் அந்தச் சிலிண்டர் வரிசைக்கும் இடையில் இரண்டரை வருடம். அவ்வளவு நீண்ட இடைவெளி என்பதால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க நாம் மறந்துவிடுகிறோம்.

புதிய சட்டம் அரசு விற்கும் உண்டியலை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது. ஆனால் நாடாளுமன்றம் ஆக்கிய சட்டத்தை நாடாளுமன்றமே மாற்றலாம். ஆகவே "இந்தச் சட்டத்தைத் தொடுவீர்களா?" என்பது எந்த வேட்பாளரிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

பணவீக்கம் இறங்கிவிட்டது என்றார்கள். சாமான் விலை ஏன் இறங்கவில்லை?

அந்த இரண்டு மாதமும் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், அதிகமான கோபம் இருந்ததும் இதில்தான். புறக்கோட்டையில் நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த விலைக்குப் பருப்பு வாங்கும் ஒரு மாணவனின் அப்பா, "சேர், பேப்பரில் பூச்சியம் என்கிறார்கள், என் பில்லைப் பாருங்கள்" என்று நீட்டினார். அவர் பில்லும் சரி, பேப்பரும் சரி.

கணக்கை இப்படிப் பாருங்கள். 2021 செப்டம்பரில் ஒரு கூடைச் சாமான் 100 ரூபாய் என்று வைப்போம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், கூடை 170 ரூபாய் ஆகிவிட்டது. அடுத்த செப்டம்பரில் 1.3 சதவீதம், கூடை 172. தேர்தல் நடந்த 2024 செப்டம்பரில் மறை 0.5 சதவீதம், கூடை 171. பணவீக்கம் என்பது ஏறும் வேகம். வேகம் நின்றுவிட்டது, ஆனால் ஏறிய மாடியிலேயேதான் நிற்கிறோம். 100 ரூபாய்க்கு யாரும் திரும்ப இறங்கவில்லை, இறங்கப் போவதும் இல்லை. சாப்பாட்டை மட்டும் எடுத்தால் இன்னும் மோசம்: 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், கிட்டத்தட்ட இரட்டிப்பு.

ஆகவே "பணவீக்கத்தைக் குறைத்துவிட்டோம்" என்ற பேச்சும் உண்மை, "மக்களால் வாழ முடியவில்லை" என்ற பேச்சும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அடிக்க முடியாது. உங்கள் சம்பளம் 2021இல் இருந்து 70 சதவீதம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் குடும்பம் இன்னும் நெருக்கடிக்குள்தான் இருக்கிறது.

தோட்டத் தொழிலாளருக்கு இதைப் பொருத்திப் பார்த்தபோது எனக்கே மனம் கனத்தது. 2021இல் அவர்களின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அதே வாங்கும் சக்தி வேண்டுமென்றால் 2024இல் 1,700 வேண்டும். அவர்கள் கேட்டதும் 1,700தான். தேர்தல் மாதத்தில் வர்த்தமானியில் வந்த அடிப்படைச் சம்பளம் 1,350. பேராசை பிடித்த கோரிக்கை என்று அதைப் பேசியவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

அது என்ன, நாடு முழுவதற்கும் கொழும்புச் சுட்டெண்?

கொழும்பு மாவட்டத்தின் நகரப்புறக் குடும்பங்கள் வாங்கும் சாமான்களை வைத்துத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் போடும் கணக்கு அது. தேசியச் சுட்டெண் ஒன்று தனியாக உண்டு. ஆனால் மத்திய வங்கியின் இலக்கு கொழும்புச் சுட்டெண்ணை வைத்துத்தான்: ஒவ்வொரு காலாண்டிலும் வருடாந்தப் பணவீக்கம் 5 சதவீதமாக இருக்க வேண்டும், 2 புள்ளி மேலே கீழே போகலாம். ஆக, நம் வெள்ளவத்தைச் சந்தையும் கொட்டாஞ்சேனைக் கடையும் போன்ற இடங்களின் விலைதான் மொத்த நாட்டின் வட்டியையும் தீர்மானிக்க உதவுகிறது. கிளிநொச்சியிலும் ஹட்டனிலும் இருப்பவர்கள் இதைக் கேள்வி கேட்பது நியாயம்.

என் அம்மா நிலையான வைப்பு வட்டியில் வாழ்கிறார். வட்டியைக் குறைத்து அவரை ஏன் வதைக்கிறார்கள்?

பக்கத்து வீட்டு அக்கா கேட்டது. என் வீட்டிலும் இதே கதைதான், என் அம்மாவின் பத்து இலட்சமும் வங்கியில்தான் இருந்தது. 2022 கடைசியில் திறைசேரி உண்டியல் வட்டியே 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வைப்புக்கு 24 சதவீதம் கிடைத்தவருக்குப் பத்து இலட்சத்துக்கு மாதம் 20,000 ரூபாய் வந்தது. இரண்டு வருடம் கழித்து 8.4 சதவீதம் என்றால் மாதம் 7,000. மருந்துக் காசும் கரண்ட் பில்லும் இதிலிருந்து போகிற வீட்டில் அது எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அக்காவிடம் இன்னொன்றும் சொன்னேன். 24 சதவீதம் வந்த காலத்தில் விலைவாசி 60, 70 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. 20,000 ரூபாய் கைக்கு வந்தது, பத்து இலட்சம் வங்கிக்குள்ளேயே கரைந்தது. 2021இன் விலைவாசியில் பார்த்தால் அந்தப் பத்து இலட்சத்துக்கு 2024 செப்டம்பரில் சுமார் 5 இலட்சத்து 85 ஆயிரம்தான் பெறுமதி. 2024இல் வந்த 7,000 சிறிய தொகை, ஆனால் விலைகள் ஏறாமல் நின்றதால் முதல் அப்படியே இருந்தது. முதியவர்களின் சேமிப்பைத் தின்றது பணவீக்கம்தான். அதனால்தான் "காசு அச்சடித்தாவது சம்பளம் கொடுப்போம்" என்ற பேச்சைக் கேட்டால் எனக்குப் பயம். அந்தச் சம்பளத்துக்கு விலை கொடுப்பது ஓய்வுபெற்ற ஒரு அம்மாவின் வைப்புப் புத்தகம்.

வட்டி குறைந்ததில் மற்றப் பக்கமும் இருக்கிறது. ஓட்டோ ஓட்டும் தம்பிக்கு லீசிங் தவணை, சிறு கடைக்காரருக்கு ஓவர்டிராப்ட், நகை அடகு வைத்து மகளைப் படிப்பிக்கிற தாய். 2022, 2023இல் இவர்கள் கழுத்து நெரிபட்டது. வைப்பாளரும் கடனாளியும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். முதியவர்களுக்கு உதவ வேண்டுமென்றால் பாதீட்டிலிருந்து நேரடியாகக் கொடுக்கலாம். முன்பு 15 சதவீத விசேட வட்டி அப்படித்தான் கொடுக்கப்பட்டது. எல்லோருக்கும் வட்டியை உயர்த்தி அதைச் செய்யத் தேவையில்லை.

டொலரை 200க்குக் கொண்டுவருவேன் என்று ஒருவர் சொன்னால்?

நாம் 2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை அதைத்தான் செய்தோம். டொலர் 200 முதல் 203 வரை பிடித்து வைக்கப்பட்டது. 2019 கடைசியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த நாட்டின் வெளிநாட்டு நாணய ஒதுக்கு கரைந்தது. வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் முறையில் ஒரு டொலருக்குக் கூடுதல் ரூபாய் கிடைத்ததால் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணம் வங்கிக்கு வரவில்லை. மார்ச்சில் பிடியை விட்டதும் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. 2024 தேர்தல் நேரத்தில் சுமார் 300. ஒரு விலையைச் சொல்லி வாக்குக் கேட்பவரிடம், அந்த விலைக்கு விற்க டொலர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

ஐஎம்எஃப் ஒப்பந்தத்தை மாற்றுவோம் என்று சொன்னவர்கள் மாற்றினார்களா?

2023 மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலரை நான்கு வருடத்துக்கு அனுமதித்தது. பிரதான வேட்பாளர்களில் ரணில் அப்படியே தொடர்வோம் என்றார். சஜித் பிரேமதாசவும் அநுரவும் திரும்பப் பேசுவோம் என்றார்கள். அநுர வென்றார், ஒப்பந்தம் தொடர்ந்தது, ஆளுநரும் மாறவில்லை. நம் அரசின் கடன் பத்திரங்களை (முறிகளை) வைத்திருந்த வெளிநாட்டுக்காரர்களுடனான கடன் மாற்றம் 2024 டிசம்பரில் முடிந்தது.

இதை ஏமாற்று என்று சிலர் சொல்கிறார்கள், முதிர்ச்சி என்று சிலர் சொல்கிறார்கள். என் பார்வை இது: 2025 முதல் வட்டிச் செலவு நீங்கலாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும் என்பது அசையாத எண். அந்த 2.3ஐ யாரிடமிருந்து எடுப்பது என்பது அசையக்கூடியது. 18 சதவீத வற் வரியாக எல்லோரிடமும் எடுக்கலாம், சொத்துள்ளவர்களிடம் கூடுதலாக எடுக்கலாம். உண்மையான அரசியல் வாதம் அங்கே இருந்தது, மேடைகளோ முதல் எண்ணிலேயே நின்றுவிட்டன. சஜித்தும் அநுரவும் நேருக்கு நேர் விவாதிப்பார்கள் என்று அந்த வருடம் பல வாரம் பேசப்பட்டது. தேதியைப் பற்றியே தர்க்கப்பட்டு, அது நடக்கவே இல்லை. நடந்திருக்க வேண்டும். என் மாணவர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

மத்திய வங்கிக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுத்தால், அவர்களை யார் கேட்பது?

நல்ல கேள்வி. 2024 தொடக்கத்தில் மத்திய வங்கி தன் ஊழியர் சம்பளத்தைப் பெருமளவு கூட்டியபோது நாடே கொதித்தது, அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. சட்டம் தரும் பிடி இது: இரண்டு காலாண்டு தொடர்ந்து இலக்குத் தவறினால் ஏன் தவறியது என்று நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். பணவீக்கம் இலக்கைவிடக் கீழே போனதால் அப்படிக் கொடுக்கவும் நேர்ந்தது. ஆனால் அந்த அறிக்கையை எத்தனை எம்பிமார் வாசித்துக் கேள்வி கேட்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிய கவலை ஊழியர் சேமலாப நிதி. அதை நிர்வகிப்பதும் மத்திய வங்கிதான். 2023 உள்நாட்டுக் கடன் மாற்றத்தில் சுமை ஏற்றப்பட்டது தொழிலாளரின் அந்தச் சேமிப்பில். வங்கிகள் வைத்திருந்த ரூபாய்த் திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. இதைப் பற்றி எந்த வேட்பாளரும் தொழிலாளிக்குப் புரியும்படி பேசவில்லை.

எங்கள் பிரச்சினை அரசியல் தீர்வு. தமிழனுக்கு வட்டி வீதம் எதற்கு?

சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரனுக்கு வாக்களித்த ஒரு ஐயா இதைக் கேட்டார். 2 இலட்சத்து 26 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அப்படி வாக்களித்தார்கள், அந்த முடிவை நான் மதிக்கிறேன். காணாமல் போன மகனைத் தேடும் தாயிடம் போய்ப் பணவீக்கம் பேச எனக்கு வாய் வராது. ஆனாலும் போரில் எல்லாம் இழந்து, நுண்கடனில் மாட்டி, அடகு நகையை மீட்க முடியாமல் தவிக்கும் பெண்களும் நம்மவர்கள்தான். அதிகாரம் பகிரப்பட்டு மாகாண சபை வந்தாலும் ரூபாய் ஒன்றுதான். அந்த ரூபாயைப் பற்றிப் பேசும் இடத்தில் தமிழிலும் குரல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

விருப்பு வாக்கு 2, 3 போடுவதால் ஏதும் பயன் உண்டா?

உண்டு. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் அவை எண்ணப்படும். 2024இல் முதல் தடவையாக அது நடந்தது. முதல் எண்ணிக்கையில் அநுரவுக்கு 42.31, சஜித்துக்கு 32.76, ரணிலுக்கு 17.27 சதவீதம்.

வீட்டில் இதைப் பேசினால் சண்டை. என்ன செய்வது?

எங்கள் வகுப்பில் ஒரே ஒரு விதி வைத்தோம். ஆளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர் சொன்ன திட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும், அதற்குக் காசு எங்கிருந்து வரும் என்றும் சொல்ல வேண்டும். இரண்டும் தெரியாதவர் முதலில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாதிச் சத்தம் அதிலேயே அடங்கிவிட்டது. அப்பாவுடன் மூன்று நாள் பேசாமலிருந்த ஒரு பிள்ளை, அப்பாவும் தானும் பயப்படுவது திரும்பவும் வரிசை வந்துவிடும் என்ற ஒரே விஷயத்துக்குத்தான் என்று கண்டுபிடித்து வந்து சொன்னாள்.

சரி, அடுத்த தேர்தலுக்கு முன்னால் எதைக் கவனிக்க வேண்டும்?

கடன் தந்த நாடுகளுடன் 2024 ஜூனில் செய்த உடன்பாட்டின்படி, முதலைத் திருப்பிக் கட்டுவது 2028 வரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வர வேண்டும். கட்டத் தொடங்கிக் கொஞ்சக் காலத்திலேயே வேட்பாளர்கள் வாக்குறுதிகளோடு கொட்டாஞ்சேனைக்கு வருவார்கள். அப்போது ஒதுக்கில் எத்தனை டொலர் இருக்கிறது, வரி வருமானம் எவ்வளவு, கொழும்புச் சுட்டெண் 5 சதவீதத்துக்குக் கிட்ட இருக்கிறதா என்ற மூன்று எண்ணையும் கையில் வைத்திருங்கள். மத்திய வங்கி தன் அறிக்கைகளைத் தமிழிலும் வெளியிடுகிறது. வாசிக்கக் கடினமான தமிழ்தான். புரியாத பக்கத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பாடம் முடிந்த பிறகு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.